மான் வேட்டைக்கு முன்னால் ஒரு விவசாயம்: தீவன வயல் என்றால் என்ன?

அமெரிக்காவின் விஸ்கான்சின், மிச்சிகன், பென்சில்வேனியா மாதிரியான மாநிலங்களில் நவம்பர் வந்தால் அலுவலகங்களில் பல நாற்காலிகள் காலியாகிவிடும். துப்பாக்கியால் மான் வேட்டையாட அனுமதிக்கும் பருவம் அது. விஸ்கான்சினில் நன்றி நவிலும் நாளுக்கு (தேங்க்ஸ்கிவிங்) முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள். மிச்சிகனில் நவம்பர் 15 முதல் 30 வரை. அங்கே வேலைக்குப் போன நம் ஊர்க்காரர்களுக்கு இந்த விடுமுறை சீக்கிரம் பழகிவிடும். பழகாத விஷயம் வேறு. கூட வேலை பார்க்கிறவர் ஜூலை, ஆகஸ்ட் மாதத்திலேயே டிராக்டர், சுண்ணாம்பு, குளோவர் என்ற தீவனச் செடியின் விதை என்று பேச ஆரம்பித்திருப்பார். வேட்டைக்குப் போகிறவருக்கு உழவு எதற்கு?

அவர் செய்வது ‘ஃபுட் பிளாட்’. மான் மேய்வதற்கென்றே, அறுவடை செய்யும் எண்ணம் இல்லாமல், காட்டோரத்திலோ காட்டுக்கு நடுவே உள்ள வெட்டவெளியிலோ விதைக்கிற சிறிய நிலம். இந்தக் கட்டுரையில் அதைத் தீவன வயல் என்று சொல்கிறேன்.

இதைப் பற்றி இரண்டு விதமான தவறான எண்ணங்கள் உலவுகின்றன. வேட்டையே தெரியாதவர்கள், தீனியைக் காட்டி ஏமாற்றும் ஒரு பொறி என்று நினைக்கிறார்கள். வேட்டையில் இருப்பவர்களிலேயே பலர், பெரிய கொம்புள்ள மானின் படம் போட்ட விதைப் பையை வாங்கித் தூவினால் மான் தானாக வந்து நிற்கும் என்று நம்புகிறார்கள். விதைக் கம்பெனிகள் அந்த நம்பிக்கையை நன்றாகவே வளர்த்து வைத்திருக்கின்றன. இரண்டு பேருமே பார்க்கத் தவறுவது ஒன்றுதான். இது விவசாயம். மண், பருவம், இடம் ஆகிய மூன்றும் சரியாக இருந்தால் எந்தச் சாதாரண விதையும் வேலை செய்யும். மூன்றும் தவறினால் எந்த விதையும் உதவாது.

யாருடைய மான்?

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான் வேட்டை குற்றம். புள்ளிமானோ கடமானோ, உங்கள் சொந்த நிலத்துக்குள் வந்து நின்றாலும் கைவைக்க முடியாது. ஆகவே இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்காவின் வெள்ளை வால் மானைப் பற்றி மட்டுமே.

அந்த மானின் கதை கொஞ்சம் விசித்திரம். இறைச்சிக்காகவும் தோலுக்காகவும் கண்மூடித்தனமாகச் சுட்டதில், 1900ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்கா முழுவதும் சுமார் 5 லட்சம் மான்கள்தான் மிஞ்சின என்று மதிப்பிடுகிறார்கள். அதே 1900இல் வந்த லேசி சட்டம், திருட்டுத்தனமாகச் சுட்ட விலங்குகளை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோய் விற்பதைத் தடுத்தது. 1937இல் வந்த பிட்மன்–ராபர்ட்சன் சட்டம், துப்பாக்கி, தோட்டா விற்பனையில் வசூலாகும் வரியை மாநில வனவிலங்குத் துறைகளுக்குத் திருப்பிவிட்டது. இன்று சுமார் 3 கோடி மான்கள். பல இடங்களில் இப்போது பிரச்சினையே எண்ணிக்கை கூடிப்போனதுதான். சாலையில் கார்கள்மீது மோதுகின்றன, மக்காச்சோளக் கொல்லைகளை மேய்கின்றன, காட்டில் முளைக்கும் மரக்கன்றுகளை வளரவிடாமல் தின்றுவிடுகின்றன. புலியும் ஓநாயும் செய்ய வேண்டிய வேலையை அங்கே பெரும்பாலும் வேட்டை உரிமம்தான் செய்கிறது என்று சொல்ல வந்தேன். ஆனால் அங்கே புலி கிடையாது, ஓநாயும் சில மாநிலங்களில்தான் உண்டு.

நிலம் உங்களுடையதாக இருக்கலாம், அதில் நிற்கும் காட்டு மான் உங்களுடையது அல்ல. அது பொதுச் சொத்து. மாநில அரசு அதன் காப்பாளர். உரிமம் வாங்கி, எத்தனை மான் என்ற வரம்புக்குள், குறித்த நாள்களில் மட்டுமே சுட முடியும். அந்த இறைச்சியை விற்கவும் முடியாது. வீட்டில் சமைக்கலாம், கொடுக்கலாம். மானைப் பிடித்துவைக்க முடியாது என்பதால்தான், அதுவாக விரும்பி வரும் இடத்தை உருவாக்கும் இந்த விவசாயமே தேவைப்படுகிறது.

டீக்கடைக் கணக்கு

ஊருக்குள் ஒருவர் டீக்கடை போடுகிறார் என்று வையுங்கள். டீ எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஆள் நடமாட்டம் இல்லாத சந்தில் போட்டால் கடை ஓடாது. பஸ் நிறுத்தத்துக்கும் மில் வாசலுக்கும் நடுவில், ஜனங்கள் ஏற்கெனவே நடக்கிற வழியில் போட்டால் சுமாரான டீகூட விற்கும். வருகிறவர்கள் வீட்டில் சாப்பாடு இல்லாதவர்கள் அல்ல. போகிற வழியில் ஒரு டீ, ஒரு வடை, அவ்வளவுதான். அப்புறம், கடை வாசலில் தினமும் போலீஸ் ஜீப் நின்றால் என்ன ஆகும்? அடுத்த தெருக் கடைக்குப் போய்விடுவார்கள், அல்லது ஜீப் கிளம்பிய பிறகு வருவார்கள்.

தீவன வயலும் இப்படித்தான். மானுக்கு வீட்டுச் சாப்பாடு காடு. தீவன வயல் அதன் வழியில் இருக்கும் கடை. படுக்கிற இடத்துக்கும் மேய்கிற இடத்துக்கும் நடுவே இருந்தால் நிற்கும். வயலைச் சுற்றி மனித வாடை வீசிக்கொண்டே இருந்தால் வருகையை இருட்டிய பிறகு வைத்துக்கொள்ளும். பெரும்பாலான மாநிலங்களில் சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்கு மேல் சுடக் கூடாது. ஆகவே இரவில் மட்டும் மான் வரும் வயல், வேட்டைக்காரரைப் பொறுத்தவரை காலியான வயல்தான்.

மானின் வயிறு

மாடு மாதிரி மானும் அசைபோடும் விலங்கு. நான்கு அறை வயிறு. முதல் அறையில், அதாவது முதல் இரைப்பையில், கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருந்துகொண்டு இலைதழையை நொதிக்க வைக்கின்றன. மான் தின்பது தனக்காக மட்டுமல்ல. முதலில் அந்த நுண்ணுயிர்களுக்காக.

ஆனால் மாட்டுக்கும் மானுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. மாடு புல்லை வாரி மேயும். வெள்ளை வால் மானின் முதல் இரைப்பை உடம்பின் அளவுக்குச் சின்னது, முற்றிய நார்ப்புல்லை அங்கே ஊறவைத்து ஜீரணிக்க நேரமில்லை. அதனால் அது பொறுக்கித் தின்னும்: இளந்தளிர், அகன்ற இலைச் செடிகள், பழம், கொட்டை. ஒரு நாளைக்கு வளர்ந்த மானுக்குச் சுமார் 3 கிலோ போதும், ஆனால் அந்த 3 கிலோவும் சத்தானதாக இருக்க வேண்டும். நன்றாக வளர்ந்து முற்றிய புல்வெளியை மான் கண்டுகொள்ளாமல் போவதும், பக்கத்திலேயே முளைத்து விரல் நீளம் வந்த கோதுமைப் பயிரைக் கடித்துத் தின்பதும் இதனால்தான். இரண்டுமே புல் இனம்தான். ஒன்று இளசு, ஒன்று முற்றல்.

அந்த நுண்ணுயிர்க் கூட்டம் பருவத்துக்கு ஏற்ப மெதுவாக மாறும். குளிர்காலத்தில் குச்சியையும் மொட்டையும் தின்று பழகிய மானின் முன் திடீரென்று மக்காச்சோளத்தைக் கொட்டினால், மாவுச்சத்து வேகமாக நொதித்து வயிற்றில் அமிலம் ஏறி, மான் செத்துப்போகவும் கூடும். பொங்கலன்று மாட்டுக்குச் சர்க்கரைப் பொங்கலை அண்டாக் கணக்கில் வைத்துவிட்டு மறுநாள் கால்நடை மருத்துவரைத் தேடி ஓடுகிற வீடுகளில் நடப்பதும் இதே அமிலக் கோளாறுதான். வயலில் நின்று வளரும் பச்சைப் பயிரில் இந்த ஆபத்து மிகக் குறைவு. மான் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொள்ளும்.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: மான் பொதுச் சொத்து, காடுதான் அதன் முதல் உணவு, தீவன வயல் ஒரு துணை உணவு, அதில் இளசான, சத்தான பயிர் இருந்தால்தான் மான் நிற்கும்.

கொட்டுவதும் விதைப்பதும் ஒன்றல்ல

குழப்பம் அதிகம் இருக்கும் இடம் இது. மக்காச்சோளம், பீட்ரூட், ஆப்பிள் போன்றவற்றை மூட்டையாகக் கொண்டுவந்து ஓரிடத்தில் கொட்டி, பக்கத்தில் காத்திருப்பதை இரையிடல் என்கிறார்கள். தீவன வயல் என்பது அந்த இடத்திலேயே முளைத்து, வேர்விட்டு வளர்ந்த பயிர். சட்டமும் பெரும்பாலும் இந்த இரண்டையும் வேறு வேறாகவே பார்க்கிறது. டெக்சாஸில் தனியார் நிலத்தில் மக்காச்சோளத்தைக் கொட்டி வைப்பது சாதாரண வழக்கம். மிச்சிகனின் தென்பகுதியான கீழ்த் தீபகற்பத்திலோ 2019 முதல் இரையிடலுக்குத் தடை. அங்கே பயிர் விதைத்து வளர்ப்பதற்குத் தடை இல்லை. மாநிலத்துக்கு மாநிலம், சில இடங்களில் மாவட்டத்துக்கு மாவட்டம், விதி மாறும்.

இந்தத் தடைக்கு முக்கியக் காரணம் ஒரு நோய். நாள்பட்ட மெலிவு நோய் என்று சொல்லலாம். 1967இல் கொலராடோவில் அடைப்பில் வளர்த்த மான்களிடம் முதலில் கவனிக்கப்பட்டது. பாக்டீரியாவோ வைரஸோ காரணமல்ல. பிரியான் எனப்படும், மடிப்பு கோணலாகிப்போன ஒரு புரதம். மூளையை அரித்து மானைக் கொன்றுவிடும். மருந்து கிடையாது. எச்சில், சிறுநீர், சாணம் வழியாகப் பரவுகிறது, மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கியும் விடுகிறது. 2002இல் விஸ்கான்சின் காட்டு மான்களிடம் கண்டறியப்பட்ட பிறகு மாநிலங்கள் உஷாராகிவிட்டன. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியான சம்பவம் இல்லை. இருந்தாலும் நோயுள்ள மானின் இறைச்சியைத் தின்ன வேண்டாம் என்பதே அங்குள்ள சுகாதாரத் துறையின் அறிவுரை.

ஒரே குவியலில் பத்து மான் வாய் வைத்தால் எச்சில் கலக்கும். அரை ஏக்கரில் பரவி மேய்ந்தால் அந்த வாய்ப்பு குறைவு. குறைவுதான், இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. தீவன வயலிலும் மான்கள் கூடத்தான் செய்கின்றன. இதைச் சொன்னால் சில வேட்டைக்காரர்களுக்குக் கோபம் வரும்.

பயிரை வளர்த்து அதில் மேய வரும் விலங்கைச் சுடுவது நியாயமா என்ற விவாதம் அமெரிக்க வேட்டைக்காரர்களுக்குள்ளேயே உண்டு. வயல் பக்கமே போகாமல் காட்டில் தடம் பார்த்து நடப்பதுதான் வேட்டை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நம் பழம்பாடல்களில் தினைப்புனத்துக்கு நடுவே பரண் கட்டிக் காவல் காத்தது, பயிரை விலங்கும் கிளியும் தின்னாமல் இருக்க. இங்கே தின்னட்டும் என்று விதைத்துவிட்டுப் பரண் ஏறுகிறார்கள்.

மண்தான் முதல் வேலை

விதைக்குச் செலவழிப்பவர்கள் மண்ணுக்குச் செலவழிக்க யோசிக்கிறார்கள். என்னைக் கேட்டால், கையில் இருக்கும் பணத்தில் முதல் நோட்டு மண் பரிசோதனைக்குத்தான் போக வேண்டும். அமெரிக்காவில் மாநிலப் பல்கலைக்கழகங்களின் வேளாண் விரிவாக்க மையங்கள் குறைந்த கட்டணத்தில் இதைச் செய்து தருகின்றன. வயலில் பல இடங்களில் மண் எடுத்து, ஒன்றாகக் கலந்து, ஒரு பையில் அனுப்பினால் போதும்.

அந்த அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது பி.எச். அளவு. மண் எவ்வளவு அமிலமாக இருக்கிறது, எவ்வளவு காரமாக இருக்கிறது என்று சொல்லும் எண் அது. 7 என்றால் நடுநிலை, அதற்குக் கீழே அமிலம். ஓர் எண் குறைந்தால் அமிலம் பத்து மடங்கு கூடிவிட்டது என்று பொருள். அதனால் 6க்கும் 5க்கும் உள்ள வித்தியாசம் பார்வைக்குத் தெரிவதைவிட மிகப் பெரியது.

கிழக்கு அமெரிக்காவின் காட்டு மண் பெரும்பாலும் அமிலம். நிறைய மழை பெய்து மண்ணிலிருக்கும் சுண்ணாம்புச் சத்தைப் பல காலமாகக் கழுவிக்கொண்டு போய்விட்டது. நம் பக்கம் நீலகிரி மண் அமிலமாக இருப்பதற்கும் கனமழைக்கு இதில் பெரும் பங்கு உண்டு. கோவில்பட்டிக் கரிசல் இதற்கு நேர் எதிர்; அங்கே இந்தக் கவலையே இல்லை. அமில மண்ணில் மூன்று கெடுதல் நடக்கும். நீங்கள் போடும் மணிச்சத்து (பாஸ்பரஸ்), இரும்போடும் அலுமினியத்தோடும் ஒட்டிக்கொண்டு பயிருக்குக் கிடைக்காமல் போய்விடும். அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்கும். குளோவர் போன்ற பயறு வகைச் செடிகளின் வேர் முடிச்சில் இருந்துகொண்டு காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும் ரைசோபியம் பாக்டீரியா சோர்ந்துபோகும். பி.எச். 5இல் இருக்கும் மண்ணில் யூரியாவையும் டி.ஏ.பி.யையும் கொட்டிவிட்டுப் பயிர் வரவில்லையே என்று விதைக் கம்பெனியைத் திட்டுகிறவர்கள் நிறைய.

தீர்வு சுண்ணாம்பு. வெற்றிலைக்குப் போடும் நீற்றின சுண்ணாம்பு அல்ல, அரைத்துப் பொடியாக்கிய சுண்ணாம்புக்கல். நல்ல அமில மண்ணில் ஏக்கருக்கு ஒரு டன், இரண்டு டன் என்று பரிந்துரை வருவது சாதாரணம். அது மண்ணோடு கலந்து வேலை செய்யச் சில மாதங்கள் ஆகும். வேட்டைப் பருவத்துக்கு இரண்டு வாரம் முன்னால் சுண்ணாம்பு தூவுவது மனத்திருப்திக்கு மட்டும்தான் ஆகும். முந்தின இலையுதிர் காலத்திலோ, குறைந்தபட்சம் வசந்தத்திலோ போட்டு, உழுது கலந்துவிட வேண்டும். பி.எச். 6 முதல் 7 வரை வந்துவிட்டால் பெரும்பாலான தீவனப் பயிர்களுக்குப் போதும்.

அடுத்தது களை. அந்த நிலத்தில் ஏற்கெனவே இருக்கும் புல்லை அழிக்காமல் விதைத்தால் புல்தான் ஜெயிக்கும். பலர் கிளைஃபோசேட் களைக்கொல்லி தெளிக்கிறார்கள். தெளிக்க விரும்பாதவர்கள் இரண்டு மூன்று முறை இடைவெளி விட்டு உழுகிறார்கள். பிறகு மண்ணைப் பொலபொலவென்று ஆக்கி, இறுக்கி, மேலே விதை.

எவ்வளவு ஆழம் என்பதில்தான் முதல் தடவை செய்கிறவர்கள் கோட்டை விடுகிறார்கள். குளோவர் விதையும், முள்ளங்கி மாதிரியான டர்னிப் விதையும் கடுகு அளவுதான் இருக்கும். கால் அங்குலத்துக்கு மேல் புதைந்தால் முளை மேலே வருவதற்குள் விதையில் உள்ள சத்து தீர்ந்துவிடும். உழுத மண்ணை முதலில் உருளையால் அழுத்தி, விதையைத் தூவி, மறுபடி ஒரு முறை உருளையை ஓட்டினால் போதும். கோதுமை, ஓட்ஸ் போன்ற பெரிய விதைகளுக்கு ஓர் அங்குல ஆழம் தாங்கும்.

பயறு வகை விதைக்கு ரைசோபியம் கலந்து விதை நேர்த்தி செய்வது நம் உளுந்து, நிலக்கடலை விவசாயிகளுக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயமல்ல. அங்கே பெரும்பாலும் பூசப்பட்ட விதையாகவே பையில் வந்துவிடுகிறது.

எந்த விதை?

விதைப் பைகளில் இருப்பவற்றை இரண்டு கூட்டமாகப் பிரித்தால் குழப்பம் தீரும். கோடையில் வளர்பவை, குளிர் தொடங்கும்போது வளர்பவை.

கோடைப் பயிர்களில் நமக்குத் தெரிந்த முகங்கள் உண்டு. தென் மாநிலங்களில் மானுக்கென்று விதைப்பவற்றில் தட்டைப்பயறும் மொச்சையும் முக்கியமானவை. ஆமாம், நம் பொரியலுக்கும் குழம்புக்கும் போகிற அதே இனங்கள்தான். அங்கே காய்க்காக அல்ல, இலைக்காக. வடக்கே சோயாபீன்ஸ். இவற்றில் புரதம் அதிகம். பெண் மான் மே கடைசியிலும் ஜூனிலும் குட்டி போட்டுப் பால் கொடுக்கும் காலம் இது. ஆணுக்குக் கொம்பு வளரும் காலமும் இதுதான். ஆண்டுதோறும் கொம்பு விழுந்து புதிதாக முளைப்பதால் அந்தச் சில மாதங்களில் மானுக்குச் சத்து நிறைய வேண்டும். ஆனால் ஒரு சிக்கல். அரை ஏக்கரில் சோயா விதைத்தால் இரண்டு இலை விடும்போதே மேய்ந்து மொட்டையாக்கிவிடும். நுனிக் குருத்தைக் கடித்துவிட்டால் பயறு வகை பல சமயம் எழுந்திருக்காது. இடம் பெரிதாக இருந்தால் மட்டும் இதில் இறங்கலாம்.

குளிர்காலக் கூட்டத்தில் தானியங்கள் வருகின்றன: ஓட்ஸ், கோதுமை, ரை. இவை புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு ஏற்றவை. சுமாரான மண்ணிலும் முளைக்கும், கடித்தாலும் துளிர்க்கும். ஏக்கருக்கு 45 கிலோ வாக்கில் தேவை. ஓட்ஸை மான் ரொம்ப விரும்பும், ஆனால் வடக்கின் கடுங்குளிரில் அது செத்துவிடும். ரை பனிக்கடியிலும் உயிரோடிருந்து வசந்தத்தில் மறுபடி பச்சை காட்டும். அதனால் இரண்டையும் கலந்து விதைப்பது புத்திசாலித்தனம்.

அடுத்து கடுகுக் குடும்பம்: டர்னிப், ரேப்சீட், முள்ளங்கி. ஏக்கருக்கு 2 கிலோ விதை போதும். இவற்றில் அதிகம் பேசப்படும் விஷயம், உறைபனி விழுந்த பிறகு மான் திடீரென்று இவற்றைத் தின்ன ஆரம்பிக்கிறது என்பது. குளிர் கூடும்போது செடி தன் செல்கள் உறைந்து உடையாமல் இருக்க மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது. இலை இனிக்க ஆரம்பிக்கிறது. எல்லா ஊர் மானும் உறைபனிக்காகக் காத்திருப்பதில்லை. சில இடங்களில் ஆகஸ்டிலேயே தின்றுவிடும், சில இடங்களில் முதல் இரண்டு வருடம் தொடவே தொடாது. தெரியாத உணவை மான் உடனே நம்பாது.

குளோவரும் சிக்கரியும் பல ஆண்டு நிற்கிற பயிர்கள். வெள்ளைக் குளோவர் ஒழுங்காகப் பராமரித்தால் மூன்று முதல் ஐந்து ஆண்டு வரும். சிக்கரி நம் பில்டர் காபித் தூளில் கலக்கும் அதே இனம். அங்கே வேரை வறுப்பதில்லை, இலையை மானுக்கு விடுகிறார்கள். ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் வறட்சியைத் தாங்கும். ஒரே ஒரு வயல், ஒரே ஒரு விதை என்றால் நான் வெள்ளைக் குளோவரைத்தான் சொல்வேன்.

என்ன விதைத்தாலும் ஒரு சின்னக் கம்பிக் கூண்டை வயலுக்கு நடுவில் நட்டுவையுங்கள். மூன்று, நான்கு அடி அகலம் போதும். கூண்டுக்குள் மான் மேய முடியாது. சில வாரம் கழித்து உள்ளே முழங்கால் உயரம், வெளியே தரையோடு தரையாக இருந்தால் மான் நன்றாக மேய்கிறது என்று தெரியும். உள்ளேயும் வெளியேயும் ஒன்றுபோலக் குட்டையாக இருந்தால் தவறு மண்ணில். இந்தக் கூண்டு இல்லாமல் ‘பயிரே வரவில்லை’ என்று பல பேர் அடுத்த வருடம் விதையை மாற்றுகிறார்கள். பயிர் வந்தது, மான் தின்றுவிட்டது.

சுருக்கமாக: முதலில் மண் பரிசோதனை, பிறகு சுண்ணாம்பு, களை, ஆழம். அதற்குப் பிறகுதான் விதைத் தேர்வு. தொடக்கத்துக்குத் தானியமும் குளோவரும் போதும்.

இடமும் காற்றும்

தீவன வயல்கள் அளவில் இரண்டு வகை. இரண்டு ஏக்கருக்கு மேல் உள்ளவை மானுக்குச் சத்துக் கொடுப்பதற்கு; அங்கே பெரும்பாலும் சுடுவதில்லை. 25 சென்ட் முதல் 50 சென்ட் வரை உள்ள சின்ன வயல்கள்தான் வேட்டைக்கு. இவை காட்டுக்குள், மான் பகலில் படுக்கும் புதருக்கும் மாலையில் போகும் பெரிய மேய்ச்சல் நிலத்துக்கும் நடுவில் இருக்க வேண்டும். வெளிச்சம் போவதற்குள் மான் கால்வைக்கும் இடம் அது.

வெள்ளை வால் மானுக்குக் கண்ணைவிட மூக்கு முக்கியம். பரண் எந்தப் பக்கம் என்பதைக் காற்றுதான் தீர்மானிக்கும். மான் வரும் திசையிலிருந்து உங்களை நோக்கிக் காற்று அடிக்க வேண்டும். மலைச்சரிவாக இருந்தால் இன்னொரு கணக்கும் சேரும். சாயங்காலம் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் கீழே இறங்கும், உங்கள் வாடையையும் கூடவே கூட்டிக்கொண்டு போகும். பள்ளத்தில் வயல் போட்டு மேட்டில் பரண் கட்டினால், சூரியன் சாயும் நேரத்தில் மான் உங்களைக் கண்டுபிடித்துவிடும்.

வயலுக்குள் நுழையாமல் பரணுக்குப் போகவும், மேய்ந்துகொண்டிருக்கும் மானைக் கலைக்காமல் இறங்கி வரவும் வழி வேண்டும். மாலையில் எட்டு மான் வயலில் நிற்கும்போது டார்ச் அடித்துக்கொண்டு நடுவில் நடந்து வந்தால், அடுத்த வாரம் அவை வரும் நேரம் பின்னுக்குப் போய்விடும். நல்ல விதை, நல்ல மண், பொருத்தமான இடம் எல்லாம் அமைந்தும் வயல் பலன் தராமல் போவது பல சமயம் இதனால்தான்.

நவம்பரில் இன்னொன்று நடக்கும். வடக்கு மாநிலங்களில் அது இனச்சேர்க்கைக் காலம். பகல் நேரம் குறைவதை மானின் உடல் உணர்ந்து இந்தக் காலத்தைத் தொடங்கிவைக்கிறது. அப்போது ஆண் மான் சாப்பாட்டைப் பெரிதாக நினைக்காது. பெண் மான் மேய வரும், அதைத் தேடி ஆண் வரும். அந்த வாரங்களில் வயல் ஆண் மானுக்குப் போட்ட தீனி என்பதைவிட, பெண் மான்கள் கூடுகிற இடம் என்பதே பொருத்தம்.

ஓக் கொட்டை விழும் வருடம்

பயிர் செழித்து நிற்கும், மான் வராது. அக்டோபரில் இப்படி நடந்தால் மேலே பார்க்க வேண்டும். ஓக் மரங்கள் கொட்டை உதிர்த்துக்கொண்டிருக்கும். வெள்ளை ஓக்கின் கொட்டையில் துவர்ப்பு குறைவு, கொழுப்பும் மாவும் நிறைய. குளிர்காலத்துக்குக் கொழுப்புச் சேர்க்க வேண்டிய மானுக்கு அதைவிட நல்ல தீனி கிடையாது. எந்தத் தீவன வயலும் அதோடு போட்டி போட முடியாது. ஓக் எல்லா வருடமும் ஒரே மாதிரிக் காய்ப்பதில்லை. காய்ப்புக் குறைந்த வருடம் வயல் நிரம்பும், கொத்துக்கொத்தாகக் காய்த்த வருடம் வெறிச்சோடும். போன வருடம் பிரமாதமாக வேலை செய்த விதை இந்த வருடம் ‘கெட்டுப்போனதற்கு’ காரணம் பெரும்பாலும் மரத்தில்தான் இருக்கும்.

கொம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. பையில் போட்டிருக்கும் படம் தருகிற வாக்குறுதியை ஒன்றிரண்டு ஏக்கர் குளோவர் நிறைவேற்றாது. கொம்பின் அளவு வயது, மரபு, சத்து மூன்றையும் பொறுத்தது. மூன்றில் வேட்டைக்காரர் கையில் உண்மையாகவே இருப்பது இளம் ஆண் மானைச் சுடாமல் விட்டு அதற்கு வயதைக் கொடுப்பது. அதுவும் பக்கத்து நிலத்துக்காரர் விட்டால்தான். ஒரு மான் சுற்றிவரும் பரப்பு சுமார் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். உங்கள் 50 சென்ட் அதில் எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மான் எண்ணிக்கை காட்டின் தாங்குதிறனை மீறிய இடத்தில் வயல் போட்டுச் சமாளிக்க நினைப்பதும் நடக்காத காரியம். அங்கே பெண் மான்களின் எண்ணிக்கையைக் குறைப்பதுதான் வழி.

ஒரு வருட ஓட்டம்

விஸ்கான்சின் மாதிரியான வடக்கு மாநிலத்தில் அரை ஏக்கர் என்று வைத்துக்கொண்டால் வேலைகள் இப்படிப் போகும். ஏப்ரலில் பனி உருகியதும் மண் மாதிரி அனுப்பி, அறிக்கை வந்தவுடன் சுண்ணாம்பு போட்டு உழ வேண்டும். ஜூன், ஜூலையில் களையை இரண்டு முறை அடக்க வேண்டும். ஜூலை கடைசி, ஆகஸ்ட் முதல் வாரத்தில் டர்னிப் விதைக்க வேண்டும். முதல் கடும் உறைபனிக்கு முன் அதற்கு இரண்டு மாத வளர்ச்சி தேவை. ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கத்தில் மீதி இடத்தில் ஓட்ஸும் ரையும், வானிலை அறிக்கையில் மழை தெரியும் நாளுக்கு முந்தின நாளாகப் பார்த்து. அதற்குமேல் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே வேலை.

பருவம் முடிந்து, பிப்ரவரி கடைசியிலோ மார்ச் தொடக்கத்திலோ ஒரு சுலபமான வேலை பாக்கி இருக்கிறது. பனி மெலிந்து தரை தெரிய ஆரம்பித்ததும், ரை நிற்கும் இடத்திலேயே குளோவர் விதையைக் கையால் தூவிவிடுவார்கள். உழவு இல்லை, மூடுவதும் இல்லை. இரவில் மண் உறைந்து விரியும், பகலில் உருகி இறங்கும். தேன்கூடு போல வெடிக்கும் அந்தச் சிறு பிளவுகளுக்குள் விதை தானாக இறங்கி, வெயில் ஏறும்போது முளைக்கும். இரவு உறைபனி நின்ற பிறகு தூவினால் இது நடக்காது. விதை மேலேயே கிடந்து காயும், மிச்சத்தைப் பறவை பொறுக்கிவிடும்.